ஜோனி மிட்செல் ஃபோக் பாடகியா, ஜாஸ் பாடகியா?

இரண்டும்தான், தொடங்கியது ஃபோக்கில், அதாவது மேற்கத்திய நாட்டுப்புறப் பாணிப் பாட்டில். 1943-ல் கனடாவில் பிறந்தவருக்கு ஒன்பது வயதில் போலியோ வந்தது. இடது கை பலவீனப்பட்டதால் வழக்கமான கார்டுகளை (chord, சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள்) பிடிப்பது சிரமம். சரி, கையை மாற்ற முடியாது, கிடாரை மாற்றுவோம் என்று கம்பிகளையே வேறு சுருதிகளுக்குத் திருகி வைத்துக்கொண்டார். விரல் வைக்காமல் மீட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும். அவருடைய பாட்டுகளில் கேட்கும் அந்த விநோத ஒலி பெரும்பாலும் இதனால்தான்.

1971-ல் ‘புளூ’ ஆல்பம் பெரும்புகழ் தந்தது. அதையே திருப்பித் திருப்பிச் செய்திருக்கலாம். ஆனால் 1974-ல் ஜாஸ் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். 1979-ல் ஜாஸ் இசையமைப்பாளர் சார்லஸ் மிங்கஸின் மெட்டுகளுக்கு வரிகள் எழுதினார். பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு என்னவோ 1976-ல் வந்த ‘ஹெஜிரா’தான் உசத்தி.

2015-ல் மூளையில் ரத்தக்குழாய் பாதிப்பு. அப்புறம் தன் பழைய வீடியோக்களைப் பார்த்தே விரல் வைப்பதைத் திரும்பக் கற்று, 2022-ல் நியூபோர்ட் ஃபோக் விழாவில் கிடார் வாசித்தார்.