தனியாகக் கவுன்சலிங் செய்பவருக்கு ஓய்வு எங்கிருந்து வரும்?

கேள்வி: நான் திருச்சியில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். கல்லூரி வேலையை விட்டுவிட்டு, இரண்டு ஆண்டுகளாக வீட்டு மாடியறையில் சொந்தமாகக் கவுன்சலிங் செய்கிறேன். செஷனுக்கு 400 ரூபாய். தினமும் ஆறு பேர், ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர். வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 60,000 ரூபாய் வேண்டும். இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது, பார்க்காமல் இருக்க முடியவில்லை. சென்ற வாரம் ஒரு பெண்ணிடம், "மாமியாருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு மாமியாரே இல்லை. அது இன்னொருவர் சொன்ன விஷயம். அன்றிலிருந்து மனம் சரியில்லை. லீவு எடுத்தால் வருமானம் போகும், வருகிறவர்களைக் கைவிட்டது போலவும் இருக்கும். என்ன செய்யட்டும்?

பதில்: அந்த மாமியார் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதை மறதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒருவர் நம்மிடம் சொன்னது வேறொருவர் காதில் விழுந்திருக்கிறது. பெயர் வெளியே வராததால் தப்பித்தீர்கள். திருச்சி மாதிரி ஊரில் உங்களிடம் வரும் இரண்டு பேர் ஒரே தெருக்காரர்களாக இருக்க எவ்வளவு நேரம் ஆகும்? ரகசியம் காப்பது நம் தொழிலின் முதல் வாக்கு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் அதை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. ஆகவே நீங்கள் ஓய்வெடுப்பது அவர்களைக் கைவிடுவதாகாது. ஓய்வில்லாமல் உட்காரும்போதுதான் அவர்களுக்கு ஆபத்து.

எனக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது. தொழிலுக்கு வந்த நாலாவது வருடம். ஆறு மணிக்காரர் வர முடியவில்லை என்று போன் செய்தால் உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம் வரும். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, பிடித்த கிளையண்ட்தான். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் பயந்தேன்.

இந்த நிலைக்கு 'பர்ன்அவுட்' என்ற பெயரை மருத்துவ எழுத்துக்குள் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், 1974-இல். அவரும் நம்மைப் போலச் சொந்தமாகத் தொழில் செய்த உளவியலாளர். தன் கிளினிக் வேலை போக, நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையிலும் உழைத்தார். அங்கிருந்தவர்களிடமும் தன்னிடமும் கண்டதையே எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது கசப்பது, முன்பு போல நன்றாகச் செய்ய முடியாமல் போவது. இதை அவர்கள் ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை, வேலை சார்ந்த நிலை என்கிறார்கள். அப்படியானால் வேலையின் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். ஒருநாள் தூங்கி எழுந்தால் சரியாகிவிடாது.

அமைப்பு என்றால் முதலில் ஃபீஸ். ஓய்வைப் பற்றிக் கேட்டால் பணத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள், உங்கள் களைப்பு அங்கேதான் உற்பத்தியாகிறது. கணக்குப் போடுவோம். வருடத்துக்கு 7,20,000 ரூபாய் வேண்டும். 400 ரூபாய் வீதம் 1,800 செஷன். ஐம்பத்திரண்டு வாரமும் ஒருநாள் விடாமல் செய்தால் வாரம் முப்பத்தைந்து. பத்தில் ஒருவர் வராமல் போவார் என்று வைத்தால் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது பேருக்கு நேரம் கொடுத்தாக வேண்டும். இப்போது நீங்கள் பார்ப்பது முப்பத்தொன்பது பேர். பார்த்தீர்களா? 400 ரூபாய் என்று முடிவு செய்த அன்றே, உங்களுக்குத் தெரியாமல், லீவே கிடையாது என்றும் முடிவு செய்துவிட்டீர்கள்.

இதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் லீவைக் கழியுங்கள். நாலு வாரம் விடுமுறை, இரண்டு வாரம் காய்ச்சலுக்கும் கல்யாணம் காதுகுத்துக்கும். மிச்சம் நாற்பத்தாறு வாரம். வாரம் இருபத்துநாலு செஷன் என்றால் 1,104. வராதவர்களைக் கழித்தால் கிட்டத்தட்ட 990. வாரத்தின் இருபத்துநாலில் இருபது செஷனுக்குத் தலா 800 ரூபாய் வாங்குங்கள். மீதி நாலு இடத்தை, நிஜமாகவே முடியாதவர்களுக்கு 400 ரூபாயிலேயே வைத்திருங்கள். உங்கள் 7,20,000 வந்துவிடும். புதிதாக வருபவர்களிடம் முதல் நாளே 800 சொல்லலாம். இப்போது வருகிறவர்களுக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டு முதலில் 600, அப்புறம் 800 என்று போங்கள். சிலர் நின்றுவிடுவார்கள். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அவர்களைப் போகச் சொல்லி விட்டுவிடாமல், அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவையோ, ஊரில் நம்பகமான வேறொருவரையோ காட்டிவிடுங்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்பது என் வரம்பு. சிலருக்கு நாலு. ஐந்துக்கு மேல் போகாதீர்கள் என்று உரிமையோடு சொல்கிறேன். காலை 10, 11.15, 12.30. மாலை 5.30, 6.45. செஷன் ஐம்பது நிமிடம். கடைசி ஆள் 7.35-க்குக் கிளம்பிவிடுவார், இரவுச் சாப்பாடு பிள்ளையோடு. தற்கொலை எண்ணம், வன்முறை, இழப்பு போன்ற கனமான விஷயங்களை அடுத்தடுத்து வைக்காதீர்கள். நடுவில் ஒரு பரீட்சை பயமோ வேலைக் குழப்பமோ வரட்டும்.

இடையில் கிடைக்கும் இருபத்தைந்து நிமிடம்தான் மாமியார் கேள்வி மறுபடி வராமல் காப்பது. நான் செய்வதைச் சொல்கிறேன். ஒருவர் கிளம்பியதும் ஜன்னலைத் திறப்பேன். அவர் தண்ணீர் குடித்த டம்ளரை நானே கழுவிக் கவிழ்ப்பேன். கையில் தண்ணீர் படுகிற அந்த நேரத்தில் அவர் கதை மெல்ல இறங்கும். அப்புறம் அவர் நோட்டில் நாலு வரி: இன்று எதில் நின்றோம், அடுத்து எங்கே தொடங்குவது, வீட்டில் யார் யார். அதை அலமாரியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் அடுத்தவர் நோட்டை எடுத்துப் போன வாரத்துப் பக்கத்தைப் படிப்பேன். மேசையில் இரண்டு நோட்டு ஒரே நேரத்தில் இருக்காது. இதில் மட்டும் நான் பிடிவாதக்காரி. போனைத் தொடுவதும் இல்லை.

மதியம் உங்களுக்கு நாலு மணி நேரம் கிடைக்கும். அதை வீடு தின்றுவிடும், ஜாக்கிரதை. சிலிண்டர் வரும், பிளம்பர் வருவார், "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று யாராவது ஒரு வேலையைத் தருவார்கள். மாடியில் வேலை, கீழே வேலை என்றால் படிக்கட்டு மட்டும்தான் உங்கள் ஓய்வு. வாரத்தில் இரண்டு மதியமாவது வீட்டை விட்டு வெளியே போய்விடுங்கள். நாள் முழுக்க உட்கார்ந்து கேட்கிற நமக்கு உடம்பு அசைகிற, யார் துக்கத்தையும் கேட்க வேண்டாத எதுவும் நல்லது. காவிரிக் கரையில் நடங்கள், பாட்டு கற்றுக்கொள்ளுங்கள்.

இரவு பதினொரு மணிச் செய்திக்கு ஒரே வழி, தொழிலுக்குத் தனி சிம். அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, எட்டு மணிக்கு மேல் தானாகவே போகிற பதில் ஒன்றை எழுதி வையுங்கள்: "உங்கள் செய்தி வந்தது. நாளை காலை 9 மணிக்கு மேல் பார்த்துப் பதில் சொல்கிறேன். இப்போதே பேச வேண்டிய நிலை என்றால் 14416, உயிருக்கு ஆபத்து என்றால் 108." அந்த 14416, மத்திய அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணமில்லை, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். முதல் செஷனிலேயே இந்த ஏற்பாட்டைச் சொல்லி எண்களை எழுதிக் கொடுங்கள். நடு இரவில் தூக்கக் கலக்கத்தோடு நீங்கள் தட்டுகிற நாலு வார்த்தையைவிட, விழித்திருக்கிற ஒருவரின் குரல் அவர்களுக்குப் பாதுகாப்பு. தற்கொலை அபாயம் இருக்கிறவருக்குத் தானியங்கிப் பதில் மட்டும் போதாது. அவரோடு உட்கார்ந்து, வீட்டில் யாரைக் கூப்பிடுவது, எந்த மருத்துவமனைக்குப் போவது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும்.

லீவு எடுக்கும்போது நாலு வாரம் முன்பே சொல்லுங்கள், போகும் நாள் திரும்பும் நாள் இரண்டையும். அவசரத்துக்குப் பார்க்க ஒரு சக ஆலோசகரை ஏற்பாடு செய்யுங்கள், அவர் லீவில் நீங்கள் அவருக்கு. மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் நேரம், பெற்றோர்கள் தேடி வருவார்கள். ஆகவே ஏப்ரலில் ஒரு வாரம், பொங்கலுக்கு ஒரு வாரம் என்று இப்போதே காலண்டரில் அடித்துவிடுங்கள். அதே சக ஆலோசகரோடு மாதம் இருமுறை, பெயரும் அடையாளமும் சொல்லாமல், சிக்கலான கேஸ்களைப் பேசுங்கள். மூத்த ஒருவரிடம் சூப்பர்விஷனும், அதாவது உங்கள் வேலையை அவர் கேட்டு வழிகாட்டுவதும், வேண்டும். கல்லூரியில் ஸ்டாஃப் ரூம் இருந்தது, மாடியறையில் இல்லை.

இந்த வாரமே செய்ய வேண்டியது மூன்று. ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், தைராய்டு, பி12. இவற்றில் குறை இருந்தாலும் இதே களைப்பும் மறதியும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், நமக்கும் அது பொருந்தும். அடுத்து, ஞாயிறு மூன்று பேரையும் கூப்பிட்டு வார நாளுக்கு மாற்றுங்கள். இடம் காலியாகும் வரை புது ஆட்களை எடுக்காதீர்கள்.

மூன்றாவது, அந்தப் பெண். அவர் அடுத்த முறை வந்து உட்கார்ந்ததும் நீங்களே ஆரம்பியுங்கள்: "போன வாரம் நான் கேட்ட ஒரு கேள்வி உங்களுடையது இல்லை. என் கவனம் தவறிவிட்டது, மன்னிக்க வேண்டும். நீங்கள் சொல்வது இந்த அறையை விட்டுப் போகாது. அதற்காக என் வேலை நேரத்தையே மாற்றியிருக்கிறேன். அன்று உங்களுக்கு எப்படி இருந்தது?" அப்புறம் அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் காத்திருங்கள்.