தீர்மானத்தை எங்கே வைப்பது?

அன்புள்ள அண்ணனுக்கு,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். கல்லூரி முடித்து ஒரு வருடம் ஆகிறது. சின்ன வயதில் ஐந்து வருடம் மிருதங்கம் கற்றேன், அரங்கேற்றம் வரை போகவில்லை. வாத்தியார் சொல்லிக்கொடுத்த சொற்கட்டுகளும் (அடிகளை வாயால் சொல்லும் சொற்கள்) கோர்வைகளும் (அவற்றைக் கோத்த தொடர்கள்) இரண்டு நோட்டு நிறைய இருக்கின்றன. இப்போது லேப்டாப்பில் எலக்ட்ரானிக் இசை செய்துபார்க்கிறேன். ஆனால் பாட்டு செய்ய உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் யூடியூபில் இருக்கிறேன். அதனால் லேப்டாப் இல்லாமல், கையில் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கருவி வாங்கப் பணம் சேர்த்துவைத்திருக்கிறேன். ஒன்றுதான் வாங்க முடியும். பட்டன் மாதிரி பேடுகளைத் தட்டித் தாளத்தைச் சுழலவிடும் க்ரூவ்பாக்ஸா, வரிவரியாக எழுதி இசை செய்யும் ட்ராக்கரா?

வீடியோக்களில் க்ரூவ்பாக்ஸ்காரர்கள் ஐந்து நிமிடத்தில் ஆடவைத்துவிடுகிறார்கள். ட்ராக்கரைப் பார்த்தால் பேங்க் ஸ்டேட்மென்ட் மாதிரி இருக்கிறது. ஆனாலும் ஏனோ அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எங்கள் பக்கம் அடிக்கடி கரண்ட் போகும், அதனால் பேட்டரியும் முக்கியம். நீங்கள் இரண்டும் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். எதை வாங்கட்டும்?

அன்புடன்,
ஒரு வாசகர் (பெயர் வேண்டாம் அண்ணே)

*

அன்புள்ள தம்பி,

இரண்டு நோட்டு நிறைய என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்திலேயே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. ட்ராக்கர் வாங்குங்கள். அவசரம் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நேரம் இருந்தால் மிச்சத்தையும் படியுங்கள்.

போன வருடம் பங்குனி. எங்கள் ஊர் அம்மன் திருவிழாவுக்கு வாசிக்க வந்த தவில்காரர் ஒருவர், வெயில் தாழட்டும் என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். நான் என் க்ரூவ்பாக்ஸான சர்க்யூட் ட்ராக்ஸை மடியில் வைத்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தேன். "என்ன அது, காட்டுங்க" என்றார். விரல் கூடுகளைக் கழற்றித் திண்ணையில் வரிசையாக வைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

பத்தே நிமிடம். எந்தப் பேடில் எந்தச் சத்தம் என்று கை கண்டுபிடித்துவிட்டது. ரெக்கார்டை அழுத்திக் கொடுத்தேன். அவர் வாசித்தது சுற்றி வந்தது, அதன் மேலேயே இன்னொன்று வாசித்தார், அதன் மேல் இன்னொன்று. தெருவில் போன இரண்டு பையன்கள் சைக்கிளை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் கையை எடுத்துவிட்டு, அது தானாக ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் சரி தம்பி. இது சுத்திக்கிட்டே இருக்கே, தீர்மானம் எங்க வைக்கிறது?" என்றார்.

தீர்மானம் என்றால் ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து, தாளச் சுற்று தொடங்கும் இடமான சமத்தில் கொண்டுவந்து முடிப்பது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

வைக்கவே முடியாது என்பதில்லை. சர்க்யூட் ட்ராக்ஸில் ஒரு பேட்டர்னுக்கு, அதாவது சுற்றி வரும் ஒரு துண்டுக்கு, 32 ஸ்டெப் (அடி வைக்கும் கட்டங்கள்). ஆதி தாளம் சதுஸ்ர நடையில் 8 அட்சரம், அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆக 32. நமக்காகவே செய்த மாதிரி ஓர் ஆவர்த்தனம், தாளத்தின் ஒரு முழுச் சுற்று, அப்படியே உட்கார்ந்துவிடும். பேட்டர்னை 28 ஸ்டெப்பாகக் குறைத்தால் மிஸ்ர சாபு (14 மாத்திரை) இரண்டு ஆவர்த்தனம். தீர்மானத்தை இன்னொரு பேட்டர்னில் தனியாக வாசித்துவைத்து, இரண்டையும் சங்கிலியாகக் கோக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரிவது பேடின் விளக்கு மட்டும்தான். எந்த மாத்திரையில் எடுத்தோம், எத்தனை கார்வை (இடைவெளி) விட்டோம் என்பது எங்கேயும் எழுதியிருக்காது. அந்தத் தவில்காரருக்கு அது கையில் இருக்கிறது. ஐம்பது வருடம் வாசித்த கை. ஐந்து வருடத்தில் நிறுத்திவிட்ட உங்களுக்கு அது நோட்டில் இருக்கிறது. எனக்கு இரண்டிலும் இல்லை, அதை விடுங்கள்.

என் தாத்தா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கால், அரைக்கால், மாகாணி என்று எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒப்பிக்கச் சொல்வார். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. க்ரூவ்பாக்ஸ்காரர்கள் பதினாறு ஸ்டெப் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் குரல்தான் கேட்கும். அவரிடம் ட்ராக்கரைக் காட்டியிருந்தால் ஒன்றும் விளக்க வேண்டியிருந்திருக்காது. மேலிருந்து கீழே ஓடும் பேரேடு அது. ஒவ்வொரு வரியும் ஒரு மாத்திரை. ஒவ்வொரு பத்தியும் ஒரு சானல், ஒரு நேரத்தில் ஒரு சத்தம். வரியில் என்ன சுரம், எந்தச் சத்தம், எவ்வளவு அழுத்தம், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நாலு பதிவு. 1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் அமிகா கணினிக்கு எழுதிய அல்டிமேட் சவுண்ட்ட்ராக்கரிலிருந்து வருகிற அமைப்பு இது. அமிகாவின் ஒலிச் சில்லு நாலு சானல்தான் தரும், அதனால் நாலு பத்தி. பேட்டர்னுக்கு 64 வரி. இன்றைய ட்ராக்கர்களில் பத்திகள் கூடியிருக்கின்றன, ஆனால் பேரேட்டின் கட்டு மாறவில்லை.

இப்போது உங்கள் நோட்டைத் திறங்கள். 64 வரி என்றால் ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம். "ததிங்கிணதொம்" ஐந்து மாத்திரை. மூன்று முறை, நடுவில் இரண்டிரண்டு கார்வை: 5, 2, 5, 2, 5. மொத்தம் 19. 64இல் 19 போனால் 45. சரி, வரிகள் 00இல் தொடங்குவதால் 45ஆம் வரியில் எடுங்கள். 49 வரை முதல் ததிங்கிணதொம். 50, 51 காலி. 52 முதல் 56 வரை இரண்டாவது. 57, 58 காலி. 59 முதல் 63 வரை மூன்றாவது. அடுத்த பேட்டர்னின் 00ஆம் வரியில் சமம். முதல் முறை இதைச் செய்து ப்ளே அழுத்தி, அந்தக் கோடு கீழே இறங்கி வந்து 63ஐத் தாண்டும்போது சமத்தில் பொத்தென்று விழுந்ததைப் பார்த்து நான் தனியாகச் சிரித்தேன். மிருதங்க வித்வான் காரைக்குடி மணியின் தனி ஆவர்த்தனம் கேட்டு மடியில் தாளம் போட்ட ஊர்க்காரர்களுக்கு அந்த ஒரு நொடி எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று, இது கொஞ்சம் நுணுக்கம். பழைய அமிகா ட்ராக்கரான ப்ரோட்ராக்கரில் ஒரு வரி உள்ளுக்குள் ஆறு டிக்குகளாக உடையும். நாலு வரி ஓர் அட்சரம் என்றால் 24 டிக். திஸ்ரத்துக்கு அதை மூன்றாகப் பங்கிட்டால் எட்டெட்டு டிக். முதல் அடி 0ஆம் வரியில் நேராக. இரண்டாவது 8ஆம் டிக்கில் விழ வேண்டும், அதாவது அடுத்த வரியில் இரண்டு டிக் தள்ளி, அங்கே ஈடி2 என்று கட்டளை. மூன்றாவது 16இல், அதற்கடுத்த வரியில் நாலு டிக் தள்ளி, ஈடி4. நாலாவது வரி காலி. இவ்வளவுதான், சதுஸ்ரத்துக்குள் திஸ்ரம் வந்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் கணினி மென்பொருளான மில்கிட்ராக்கரிலும் இதே கட்டளை வேலை செய்யும். சர்க்யூட் ட்ராக்ஸும் ஒரு ஸ்டெப்பை ஆறாகத்தான் உடைக்கிறது. அங்கே வாசித்தே உள்ளே தள்ளலாம், ஆனால் தப்பினால் எந்த டிக்கில் தப்பியது என்று தேடுவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

ஒருதலையாகப் பேசுவதாக நினைக்காதீர்கள். ட்ராக்கரில் எனக்கு முதல் ஒரு வருடம் வந்த பாட்டெல்லாம் மரக்கட்டை. எல்லா அடியும் ஒரே சத்தத்தில். மிருதங்கத்தில் தானாக வரும் ஏற்ற இறக்கத்தை இங்கே வரிவரியாக எழுத வேண்டும், 0இலிருந்து 64 வரை அழுத்தத்துக்கு எண் போட்டு. சலிப்பான வேலை. ஒரு பேட்டர்னுக்கு அரை நாள் போகும். க்ரூவ்பாக்ஸில் அதைக் கை பார்த்துக்கொள்ளும். அந்தச் சுகமே தனி. 1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங் இதன் முன்னோர்களை வைத்து என்ன செய்தார் என்று தேடிக் கேளுங்கள். இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 தாளம் போட, டிபி-303 கீழே சுழல, மேலே ஜூபிடர்-8 சின்தசைசரில் ராகத்தைக் கையால் வாசித்தார். க்ரூவ்பாக்ஸ் என்ற பெயரை ரோலண்ட் தன் எம்சி-303க்கு வைத்தது 1996இல்தான். சரண்ஜித் செய்ததில் தாளம் சுழல்கிறது, ராகம் சுழலவில்லை. க்ரூவ்பாக்ஸுக்கு அதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் கீபோர்டு வாசிப்பேன், பாடுவேன் என்று ஒரு வரி இருந்திருந்தால் இந்தப் பதில் வேறு மாதிரி போயிருக்கும்.

கமகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ட்ராக்கரில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப்போக 3ஆம் கட்டளை, அசைக்க 4ஆம் கட்டளை. மோகன ராகத்தைச் சமாளிக்கும். கமகம் நிறைந்த தோடியைக் கேட்காதீர்கள்.

கருவிக்கு வருவோம். பாலிஎண்ட் என்ற போலந்து நிறுவனத்தின் ட்ராக்கர் மினி 2023இல் வந்தது. கையடக்கம், மைக் உள்ளேயே இருக்கிறது, பேட்டரி 8 மணி நேரம் வரை என்கிறார்கள். சர்க்யூட் ட்ராக்ஸுக்கு அதைச் செய்தவர்கள் சொல்வது 4 மணி நேரம். நம் ஊர் மின்தடைக்கு எது தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டர்ட்டிவேவ் எம்8 இன்னொன்று. எட்டே பொத்தான், எட்டு ட்ராக். கேம் பாய் விளையாட்டுக் கருவிக்கு ஜோஹன் கோட்லின்ஸ்கி எழுதிய லிட்டில் சவுண்ட் டிஜே என்ற ட்ராக்கரின் வழியில் வந்தது. அதில் ஒரு துண்டு 16 வரிதான், ஆதி தாளத்துக்கு இரண்டு துண்டு கோக்க வேண்டும். உள்ளேயே சின்தசைசர்கள் இருப்பது அதற்குப் பலம். உங்களுக்கு வேண்டியது மிருதங்கச் சத்தம்தான் என்றால் மினி போதும்.

ஆனால் பணத்தை இப்போதே எடுக்காதீர்கள். இரண்டு மாதம் அந்த லேப்டாப்பிலேயே மில்கிட்ராக்கர் ஓட்டுங்கள். வைஃபையை நிறுத்திவிட்டு. நோட்டிலிருந்து ஒரு கோர்வையை முழுதாக எழுதி முடித்தால் வாங்குங்கள். நடுவில் விட்டுவிட்டால் க்ரூவ்பாக்ஸுக்குப் போங்கள், அதில் வெட்கம் இல்லை. இரண்டில் எதை வாங்கினாலும் கையில் தட்டிப்பார்த்து வாங்குங்கள். நான் ஒருமுறை ஒரு கடையில் "பெட்டி பிரித்தது, விலை குறைவு" என்றார்கள் என்று ஒரு க்ரூவ்பாக்ஸ் வாங்கினேன். ஒரு பேடை ஒருமுறை தட்டினால் இருமுறை கேட்கும். மூன்று மாதம் மெயில் எழுதி அலுத்துப்போய், அந்தப் பேடை ஜால்ராவுக்கு ஒதுக்கிவிட்டேன்.

எடுத்துக்கொண்டு போவது பற்றி. காரைக்குடியில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் மதியம்தான் சென்னை. ரயிலில் பேடைத் தட்டினால் பக்கத்து சீட்காரர் இரண்டாவது நிமிடத்தில் திரும்புவார். ட்ராக்கரில் கட்டைவிரல் மட்டும் அசையும், ஹெட்போன் போட்டுவிட்டால் உலகத்துக்கு நீங்கள் இல்லை. போன மாதம் எதிரே இருந்த ஆச்சி மட்டும் திருச்சி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி கண்டக்டரா இருக்கீகளா? டிக்கெட் மெஷின் மாதிரி இருக்கே" என்றார். ஆமாம் ஆச்சி என்று சொல்லிவிட்டேன். விளக்கப்போனால் எழும்பூர் வந்துவிடும்.

கடைசியாக ஒரு வேலை. மிருதங்கச் சத்தம் ட்ராக்கரில் தானாக இருக்காது, நீங்கள் கொடுப்பதைத்தான் திருப்பித் தரும். நெட்டில் கிடைக்கும் 808 சத்தங்களை எல்லாரும் வைத்திருக்கிறார்கள். உங்கள் வாத்தியாரிடம் போய், தொம், தீம், நம், சாப்பு என்று ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என மூன்று விதமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அப்போது அழுத்தத்துக்கு வெறும் எண் போடுவதோடு நிற்காமல் சத்தத்தையே மாற்றலாம், மரக்கட்டைத்தனம் பாதி குறைந்துவிடும். உங்கள் வீடும் பழைய வீடாக இருந்தால், வளவு (நடு முற்றம்) நடுவில் நின்று ஒரே ஒரு கைதட்டல். சுற்றித் தூண், மேலே திறந்த வானம், கீழே ஆத்தங்குடிக் கல். அந்த எதிரொலியை எந்தப் பெட்டியிலும் விற்கமாட்டார்கள்.

நான் அப்படி ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்தேன். கரண்ட் போயிருந்தது, தெருவில் ஒரு மோட்டார் கூட ஓடவில்லை, நல்ல அமைதி என்று சந்தோஷப்பட்டேன். ராத்திரி கேட்டால் அறுபது கைதட்டலுக்கும் பின்னால் "ம்ம்ம்" என்று ஒரே சுருதி. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இன்வர்ட்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதை அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

அன்புடன்,
அண்ணன்