எந்த இரவில் படம்பிடிப்பது?

வணக்கம்.

ராக் இசைக்குழுக்களின் கச்சேரிப் படங்களைத் தேடித்தேடிப் பார்ப்பவன் நான். ரஷ் குழுவின் ரியோ கச்சேரியை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். கூட்டம் அப்படிப் பாடுகிறது! ஆனால் ஒலி கலங்கிக் கிடக்கிறது. கிடாரும் பாஸும் பிரிந்து கேட்பதே இல்லை. அது அந்த டூரின் கடைசிக் கச்சேரி என்று படித்தேன். லெட் செப்பலின் குழுவின் 1973 படமும் டூரின் கடைசி மூன்று இரவுகளில் எடுத்ததுதான். ஏன் இப்படிக் கடைசி நாளைப் பிடித்துத் தொங்குகிறார்கள்? பெரிய ஸ்டேடியம், சின்ன அரங்கம், இரண்டில் எது படத்துக்கு ஏற்றது? கையில் ஒரே ஒரு இரவுதான் இருக்கிறது என்றால் என்ன செய்வது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கடைசி நாளில் எடுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ரசனை அல்ல, தாமதம். டூர் நன்றாகப் போகிறது, படம் எடுத்தால் விற்கும் என்று நிர்வாகத்துக்கு உறைக்கும்போது பாதி ஊர்கள் முடிந்திருக்கும். பணம் புரட்டி, ஆள் சேர்த்து, அரங்கத்திடம் அனுமதி வாங்கி முடிப்பதற்குள் மிஞ்சுவது கடைசி இரவு. லெட் செப்பலினுக்கு நடந்தது அதுதான். 1973 அமெரிக்க டூர் மே மாதமே தொடங்கிவிட்டது. படக்குழுவுக்கு அழைப்பு போனது ஜூலையில். நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜூலை 27, 28, 29 ஆகிய மூன்று இரவுகள் எடுத்தார்கள். அதற்குள் பாடகர் ராபர்ட் பிளான்ட்டின் குரல் களைத்திருந்தது. எடிட்டிங் மேசைக்கு வந்தபோது பல இடங்களில் படமே இல்லை, வெறும் ஒலிதான் இருந்தது. ஓட்டையை அடைக்க 1974ல் இங்கிலாந்தின் ஷெப்பர்ட்டன் ஸ்டூடியோவில் மேடை போட்டு மறுபடி எடுத்தார்கள். பாஸ் வாசிக்கும் ஜான் பால் ஜோன்ஸ் அதற்குள் முடியை வெட்டிவிட்டதால் விக் வைத்துக்கொண்டு வாசித்தார். போதாததற்கு அவர் ஒவ்வொரு இரவும் வேறு சட்டை போட்டிருந்தார். ஒரே பாட்டுக்குள் சட்டை மாறுவதை இன்றும் பார்க்கலாம்.

ரியோ விவகாரம் வேறு. 2002 நவம்பர் 23, மரக்கானா ஸ்டேடியம். மழையில் லாரிகள் தாமதமாக வந்தன, சவுண்ட் செக் (கச்சேரிக்கு முன் வாசித்து ஒலியைச் சரிபார்ப்பது) செய்ய நேரமே இல்லை. சவுண்ட் செக் இல்லாவிட்டால் கெடுவது அரங்க ஒலி மட்டும் என்று நினைப்பார்கள். அதைவிட மோசமாகக் கெடுவது பதிவு. மேடையிலுள்ள ஒவ்வொரு மைக்கின் சிக்னலையும் இரண்டாகப் பிரித்து, ஒன்றை அரங்க மிக்சருக்கும் மற்றொன்றைப் பதிவுக் கருவிக்கும் அனுப்புகிறார்கள். பதிவுப் பக்கத்தில் ஒவ்வொரு தடத்துக்கும் (ஒரு மைக்கின் தனிப் பதிவு) ஒலி அளவு வைக்க வேண்டும். ஸ்னேர் என்ற டிரம்மின் மைக்கில் அளவு கூடிப்போய்ச் சிக்னலின் உச்சி வெட்டுப்பட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுதாக மீட்க முடியாது. ஒத்திகை இல்லாதபோது முதல் மூன்று பாட்டும் அளவு தேடுவதிலேயே போய்விடும்.

அதோடு அந்தக் கூட்டம். சொற்களே இல்லாத வாத்திய இசைக்குக்கூட அவர்கள் மெட்டைப் பாடுகிறார்கள். அத்தனை ஆயிரம் பேர் கத்தும் சத்தம் பாடகரின் மைக்கிலும் டிரம்ஸுக்கு மேலே தொங்கும் மைக்குகளிலும் புகுந்துவிடும். பிறகு பாடகரின் குரலைத் தூக்கினால் கூட்டமும் சேர்ந்து எழும். நீங்கள் ரசித்ததும் உங்களை எரிச்சல்படுத்தியதும் ஒரே மைக் வழியாக வந்தவைதான்.

சரி, எப்போது எடுக்க வேண்டும்? டூரின் நடுவில், ஒரே அரங்கத்தில் குறைந்தது இரண்டு இரவுகள் தொடர்ந்து கிடைக்கும் ஊரில். அயர்ன் மெய்டன் குழுவின் ஒரு டூர் 1984 ஆகஸ்டில் போலந்தில் தொடங்கி 1985 ஜூலையில் முடிந்தது. அவர்கள் படம்பிடிக்கத் தேர்ந்தது 1985 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் நடந்த நான்கு இரவுக் கச்சேரிகளை. பாட்டு வரிசை அதற்குள் இறுகியிருக்கும். எந்தச் சோலோவில் கிடாரிஸ்ட் எந்தப் பக்கம் ஓடுவார் என்பது லைட் போடுகிறவருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். அதே சமயம் பாடகரின் தொண்டையும் வற்றிப்போயிருக்காது. டூரின் முதல் வாரத்தில் எடுத்தால் பாட்டு வரிசை மாறிக்கொண்டே இருக்கும், படம் இயக்குகிறவர் எழுதிய குறிப்பு எதற்கும் உதவாது.

இரண்டு இரவு என்றால் முதல் இரவு கேமராக்காரர்களுக்கு ஒத்திகை, எடிட்டருக்கு உதிரிபாகம். உண்மையான படம் இரண்டாவது இரவு. மேடை ஏற்கெனவே கட்டியிருக்கிறது, லைட்டைத் திருப்ப வேண்டியதில்லை, இசைக்குழு அதே ஊரில் தூங்கி எழுந்திருக்கிறது. முதல் இரவுக்கு முந்தைய நாள் பாடகருக்கு ஓய்வு நாளாக இருப்பது அவசியம். யூ2 குழு 1993ல் சிட்னி கச்சேரியை நேரடி ஒளிபரப்புச் செய்தபோது முந்தைய இரவான நவம்பர் 26ஐ ஒத்திகைக்கென்றே ஒதுக்கியிருந்தது. அன்றைக்குப் பார்த்து பாஸ் வாசிப்பவர் ஆடம் கிளேட்டன் மேடைக்கு வரவில்லை. அவருடைய பாஸைப் பராமரிக்கும் உதவியாளர் வாசித்தார். மறுநாள் கிளேட்டன் வந்து ஒளிபரப்பும் ஒழுங்காக நடந்தது. ஒற்றை இரவை நம்பியிருந்தால் கதி என்ன?

டூரின் கடைசி ஊரில் எடுத்தே ஆக வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. பிங்க் ஃபிளாய்ட் 1994ல் டூரை முடித்தது லண்டன் எர்ல்ஸ் கோர்ட்டில். அங்கே 14 இரவுகள் வாசித்தார்கள். படம்பிடித்த அக்டோபர் 20 அவற்றின் நடுவில் வந்த ஓர் இரவு. ஆனால் அந்தப் படத்துக்கு வேறொரு குறை உண்டு: அது அன்றைய வீடியோ நாடாவில் பதிவானது, அந்தத் தரத்துக்கு மேல் அதை உயர்த்த முடியாது. அதே குழு 1988ல் நியூயார்க் லாங் ஐலண்டில் 35 எம்.எம். ஃபிலிமில் எடுத்த கச்சேரியை 2019ல் நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் புதிதாகவே எடுத்துவிட்டார்கள்.

இரண்டு இரவுகளைக் கலக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, உடை. எல்லோரும் இரண்டு இரவும் அதே உடை, அதே காலணி, அதே கிடார், கிடாரின் வாரும் அதே நிறம். இரண்டு, வேகம். டிரம்மர் காதில் கிளிக் (வேகம் மாறாமல் தாளம் காட்டும் டிக் டிக் ஒலி) கேட்டு வாசிக்கிற குழுவென்றால் வெள்ளிக்கிழமைப் படத்தைச் சனிக்கிழமை ஒலியோடு பொருத்தலாம். கிளிக் இல்லாத குழுவென்றால் பாட்டுக்குப் பாட்டு ஓர் இரவைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நிற்க வேண்டும். தூரக் காட்சியில் யாருக்கும் தெரியாது. டிரம்ஸ் குச்சியும் கிடாரிஸ்டின் இடதுகை விரல்களும் நெருக்கத்தில் வரும்போது வாசிக்கத் தெரிந்த எவனும் கண்டுபிடித்துவிடுவான்.

இடத்துக்கு வருகிறேன். என் ஓட்டு 2,500 முதல் 6,000 பேர் கொள்ளும், பால்கனி உள்ள, கூரை போட்ட அரங்கத்துக்கு. 2006ல் ரோலிங் ஸ்டோன்ஸ் ரியோ கடற்கரையில் பிரம்மாண்டக் கூட்டத்துக்கு வாசித்தது. குழுவின் பாடகர் மிக் ஜாகர் அதைத்தான் படமாக்க விரும்பினார். இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி தேர்ந்ததோ நியூயார்க்கில் 2,800 பேர் கொள்ளும் பீக்கன் தியேட்டரை. எல்லாக் கேமராவும் முகத்துக்கு எட்டுகிற தூரத்தில் நிற்க முடிந்தது. பால்கனியிலிருந்து எடுத்தால் டிரம்மர் மற்றவர்களுக்குப் பின்னால் மறைய மாட்டார். கூரை இருந்தால் புகை மேடையிலேயே தங்கும், லைட் கதிர்கள் கண்ணுக்குத் தெரியும். திறந்தவெளியில் ஒரு காற்று வந்து புகையைத் துடைத்துவிட்டால் அத்தனை விலையுயர்ந்த லைட்டும் வெறும் புள்ளிகள்.

வெயில் இன்னொரு தொல்லை. குயீன் குழுவின் 1986 ஜூலை 12 வெம்ப்லி கச்சேரியைப் பாருங்கள். லண்டனில் ஜூலையில் சூரியன் மறைய ஒன்பது மணி தாண்டும். முன்பாதி பகல் வெளிச்சத்தில் வெளிறிக் கிடக்கிறது, பின்பாதி வேறொரு படம்போல் ஒளிர்கிறது. பாடகர் ஃபிரெடி மெர்க்குரி இருந்ததால் தப்பித்தது. மற்றவர்கள் அதை நம்பக் கூடாது.

ஸ்டேடியத்தில் ஒலியின் வேகமும் சேர்ந்து படுத்தும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தாளம் 0.29 நொடி தாமதமாகக் கேட்கும், அவர் அதற்கேற்பத் தாமதமாகவே கைதட்டுவார். நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் படத்தில் அது 7 ஃபிரேம். மேலிருந்து எடுத்த காட்சியில் கூட்டம் தாளம் தவறுவதுபோல் தெரிவது இதனால்தான். பின்வரிசை மட்டும் தெரியும் காட்சியென்றால் எடிட்டர் படத்தை 7 ஃபிரேம் முன்னால் தள்ளிவைப்பார். முன்வரிசையும் பின்வரிசையும் சேர்ந்து தெரிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. மிக்சிங் மேசையருகே வைக்கும் கூட்டத்து மைக்குக்கும் இதே கணக்கு. மேசை 45 மீட்டரில் இருந்தால் 130 மில்லிநொடி நகர்த்தாமல் கலந்தால் எல்லா அடியும் இரட்டையாகக் கேட்கும்.

ஸ்டேடியம்தான் வேண்டும் என்றால் ஏசி/டிசி 2009 டிசம்பரில் பியூனஸ் அயர்ஸில் செய்ததுபோல் செய்ய வேண்டும்: மூன்று இரவுகள், 32 கேமராக்கள். அந்தப் பணம் இல்லாதவர்கள் அரங்கத்துக்குள் போவது நல்லது.

கூட்டத்தைக் காட்ட அவர்கள்மேல் லைட் போடும் ஆசை எல்லாருக்கும் வரும். கல்யாணப் பந்தியில் வீடியோ லைட் முகத்தில் அடித்ததும் சாப்பிடுகிறவர் கை அப்படியே நின்றுவிடுமே, அதுதான் இங்கும் நடக்கும். 1983 டிசம்பரில் ஹாலிவுட் பான்டேஜஸ் தியேட்டரில் டாக்கிங் ஹெட்ஸ் குழுவைப் படமாக்கிய ஜோனதன் டெமி, கூட்டத்தின் மேல் வெளிச்சம் போட்டுப் பார்த்தார். கூட்டம் கூச்சப்பட்டது, அது மேடையையும் தொற்றியது. முடிந்த படத்தில் கடைசிப் பாட்டு வரை ரசிகர்களை அநேகமாகக் காட்டவே இல்லை. மேடையிலிருந்து கூட்டத்தின் பக்கம் திரும்பும் லைட்டுகளைப் பல்லவி வரும்போது மட்டும் அரை அளவில் ஏற்றினால் போதும்.

நாட்டைத் தேரும்போது மின்சாரத்தையும் பாருங்கள். பிரேசிலிலும் வட அமெரிக்காவிலும் 60 ஹெர்ட்ஸ், அர்ஜென்டினாவிலும் ஐரோப்பாவிலும் 50 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் ஊரில் 24 ஃபிரேமில் எடுப்பவர் ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் விழும் நேரத்தைக் கோணமாகச் சொல்லும் அளவு) 180 டிகிரியிலேயே விட்டால் அரங்கத்தின் பழைய குழல் விளக்குகள் துடிக்கும். 172.8 டிகிரிக்கு மாற்றினால் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக 1/50 நொடி ஆகிவிடும். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால் அதையும் கேமராக்களையும் ஒரே கடிகார சிக்னலில் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கறுப்புக் கோடுகள் ஊரும். திரையின் வெளிச்சத்தையும் இறக்கச் சொல்லுங்கள். அரங்கத்தில் கண்ணுக்கு அழகாக இருப்பது கேமராவில் பாடகரை வெறும் நிழலாக்கிவிடும்.

இதையெல்லாம்விட முன்கூட்டியே முடிக்க வேண்டியது நாற்காலிக் கணக்கு. ஜிம்மி ஜிப் (கேமராவைத் தூக்கிச் சுழற்றும் நீண்ட கை) சுழலும் இடம், டிராலி ஓடும் இடம், மிக்சிங் மேசையருகே நீள லென்ஸ் கேமராக்களுக்கான மேடை, இவற்றுக்குப் பின்னால் பார்வை மறையும் இருக்கைகள், எல்லாவற்றையும் டிக்கெட் விற்பனை தொடங்கும் முன்பே விலக்கிவைக்க வேண்டும். விற்ற பிறகு கேட்டால் கேமரா தூணுக்குப் பின்னால்தான் நிற்கும்.

ஒரே இரவுதான் என்றால்? 1976 நவம்பர் 25, சான் ஃபிரான்சிஸ்கோ வின்டர்லாண்டில் தி பேண்ட் குழுவின் விடைபெறும் கச்சேரி அப்படிப்பட்டது. அதையும் படமாக்கியவர் ஸ்கோர்செசி. பாட்டு வரிகளுக்கு எதிரே கேமரா, லைட் குறிப்புகளை எழுதி ஸ்கிரிப்டே தயாரித்திருந்தார். ஆனால் 35 எம்.எம். கேமராவில் ஆயிரம் அடிச் சுருள் 11 நிமிடம்தான் ஓடும். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் பாட வந்தபோது ஒரு கேமராவைத் தவிர எல்லாம் நின்றிருந்தன. ஓயாத உத்தரவுகளில் சலித்துப்போய் ஹெட்ஃபோனைக் கழற்றிவைத்திருந்த லாஸ்லோ கோவாக்ஸ் என்ற ஒளிப்பதிவாளர் நிறுத்தச் சொன்னதைக் கேட்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பாட்டு பிழைத்தது அதனால்தான்.

எனவே ஒற்றை இரவில் ஒரு கேமரா முழு மேடையையும் பார்த்தபடி, யார் என்ன சொன்னாலும் நிற்காமல் ஓட வேண்டும். மதியம் சவுண்ட் செக்கில் குழுவினர் முழு உடையோடு நான்கைந்து பாட்டு வாசிக்கட்டும். கேமராவை டிரம்ஸின் மேலேயே கொண்டுபோய் நெருக்கக் காட்சிகளை எடுத்துக்கொள்ளலாம். ரம்ஸ்டைன் 2012 பாரிஸ் படத்துக்கு ஒத்திகையையும் இப்படிப் பயன்படுத்தியது. முந்தைய, பிந்தைய ஊர்களின் ஒலியையும் பதிந்துவைத்தால் ஒரு தடம் செத்துப்போனாலும் ஒட்டுப்போடலாம். 48 தடம், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் மணிக்கு 25 ஜிபி. அதை மின்சாரம் தனித்தனியாக வரும் இரண்டு கருவிகளில் பதியுங்கள். ஒரு பாட்டு உடைந்துபோனால் கச்சேரி முடிந்ததும் கூட்டத்திடம் சொல்லிவிட்டு அதையே மறுபடி வாசிப்பதில் வெட்கமில்லை, அவர்கள் சந்தோஷமாகவே இருப்பார்கள்.

கேமரா கார்டுகளை ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது. யார் எந்தப் பாட்டின் முடிவில் மாற்றுவது என்று தாளில் எழுதி ஒவ்வொரு கேமராவிலும் ஒட்டிவிடுங்கள். பாடகர் இடையில் பேசும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும். அந்தப் பேச்சைத்தான் எடிட்டர் பிறகு முதலில் கேட்பார்.