நல்ல மனசும் நாலு மணி பர்மிஷனும்

அக்கா, வணக்கம்.

நான் பேரணாம்பட்டு பக்கம் ஒரு கிராமம். ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷனில் வேலை செய்கிறேன். எங்கள் லைன் சூப்பர்வைசர் அண்ணன் தங்கமானவர், யாரையும் வாடி போடி என்று பேசியதில்லை. போன வருடம் அவருடைய பழைய நண்பர் இறந்துபோனார். அவர் மகளை எங்கள் லைனில் சேர்த்துவிட்டார். அந்தப் பெண் தபாலில் டிகிரி படிக்கிறாள். அவளுக்கு மெஷின் கிடையாது, டேபிளில் பசை தடவி மடிக்கிற வேலை மட்டும்தான். வாரத்தில் மூன்று நாள் நாலு மணிக்கே பர்மிஷன். அவள் போனதும் டேபிளில் வேலை குவிந்துவிடும். நாங்கள் மூன்று பேர் ஆறு மணிக்கு மேலும் உட்கார்ந்து முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வேனில் போகிறோம். அதற்கு ஓ.டி. கிடையாது. "நம்ம லைன் பாக்கியை நாமதானே முடிக்கணும்" என்பார். சில பேர் அவளையும் அண்ணனையும் சேர்த்து வைத்து அசிங்கமாகப் பேசுகிறார்கள். அது பொய் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தால் அப்பா இல்லாத பிள்ளை மேல் பொறாமை என்பார்கள். போன மாதம் என் பையனுக்கு டைபாய்டு, ஒரு நாள் நாலு மணிக்குப் போகட்டுமா என்று கேட்டேன், டார்கெட் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். சொல்வதா, விட்டுவிடுவதா?

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

சொல்லுங்கள். ஆனால் எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது என்பதில் கொஞ்சம் கவனமாக இருங்கள், ஏனென்றால் இதில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை, அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு தயக்கம்.

அந்த அண்ணன் செய்தது நல்ல காரியம்தான். நண்பர் போன பிறகு அவர் வீட்டை எட்டிப் பார்க்காதவர்கள்தான் அதிகம், இவர் அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலையும் போட்டுக் கொடுத்து, படிப்பும் நிற்காமல் பார்த்துக்கொள்கிறார். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அவர் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று, அந்த இரண்டு மணி நேரம் யார் கையிலிருந்து போகிறது என்பது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாக, அவருடைய நல்ல மனசுக்கு உங்கள் மூன்று பேருடைய சாயங்காலம் செலவாகிறது. லைன் வேலை தெரியாதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். கட்டிங்கில் இருந்து வருகிற தோல் துண்டை ஓரம் சீவி, பசை தடவி, மடித்து, அப்புறம்தானே தையலுக்குத் தள்ளுவார்கள், மடிப்பு நின்றால் தைக்கிறவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான், அதனால் நீங்கள் மெஷினை விட்டு எழுந்து வந்து மடித்துக் கொடுத்து, மறுபடி போய் அதையே தைக்கிறீர்கள். ஒருத்தி எழுந்து போனால் அவள் வேலை அவளோடு போவதில்லை.

அதுவும் சம்பளம் இல்லாமல். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தாயிற்று. "நம்ம லைன் பாக்கி" என்று குடும்பம் போலப் பேசுவது கேட்க நன்றாக இருக்கும், நீங்களும் அந்தப் பாசத்தில்தான் இத்தனை மாதம் உட்கார்ந்து கொடுத்திருக்கிறீர்கள். கம்பெனி கொடுக்க வேண்டிய காசை அந்தப் பேச்சு மறைத்துவிட்டது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மனசு கனத்தது பையன் விஷயத்தில். அதைக் கடைசியில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். தாராள மனசுள்ள ஒரு மனிதர், டைபாய்டில் கிடக்கிற பிள்ளைக்காகக் கேட்டபோது டார்கெட் என்று சொன்னாரே, அவருக்கு இரக்கம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. ஒருத்திக்கு வாரம் மூன்று நாள் கொடுத்த பிறகு இன்னொருத்திக்குக் கொடுக்க அவர் கையில் எதுவும் மிச்சம் இல்லை, அவ்வளவுதான். பிடித்தவருக்குத் தெரிந்தவருக்கு என்று சலுகை கொடுக்க ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும். பிரசவ நாள் நெருங்கும்போது ஒரு பெண் கேட்டால் கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கிற வேலையோ கொடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பெண் சூப்பர்வைசருக்குச் சொந்தமா, அவள் அப்பா அவருக்குச் சிநேகிதரா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. கேட்டவளுக்குக் கொடு, அவ்வளவுதான். நீங்கள் கேட்க வேண்டியதும் அதுதான். பரீட்சைக்குப் படிக்கிறவளுக்குக் கிடைக்கிற நாலு மணி பர்மிஷன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கிடைக்க வேண்டும், அவள் விட்டுப் போகிற வேலைக்கு ஒரு ஹெல்ப்பர் வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கு டார்கெட் குறைய வேண்டும்.

பொறாமை என்பார்களே என்கிறீர்கள். என்பார்கள். கொஞ்சம் பொறாமை இருந்தாலும்தான் என்ன? நாலு மணிக்கு ஒருத்தி பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வயிறு எரியாமல் இருக்க நீங்கள் என்ன கல்லா? அதனால் நீங்கள் ஆறு மணிக்கு மேல் உழைத்த நேரம் இல்லாமல் போய்விடாது.

அந்த அசிங்கப் பேச்சுக்காகவே நீங்கள் சீக்கிரம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் இவளுக்கு மட்டும் என்ற கேள்விக்கு யாரும் வெளிப்படையாகப் பதில் சொல்லாத இடத்தில்தான் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள், அந்தக் கதை எப்போதும் பெண் தலையில்தான் வந்து விழும். உங்கள் லைனில் யாராவது மொட்டைக் கடிதம் போடலாம் என்று சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். மேலே போய்ச் சேரும்போது அதில் உங்கள் வேலைச் சுமையும் சம்பளமும் இருக்காது, அந்தப் பெண்ணின் ஒழுக்கம் மட்டும்தான் விசாரணைக்கு வரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. என் அத்தை மகள் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இப்படித்தான் செல்லப்பிள்ளையாக இருந்தாள். போஸ்ட் பெட் தையல் மெஷின் கஷ்டம், நீ டேபிளிலேயே இரு என்று ஒருவர் பார்த்துக்கொண்டார். அவர் வேறு யூனிட்டுக்குப் போனதும் புதிதாக வந்தவர் இவளை நேராக மெஷினில் உட்காரச் சொன்னார். துணி என்றால் தப்பாகத் தைத்ததைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம், தோலில் ஊசி இறங்கிய ஓட்டை ஓட்டைதான், அந்தத் துண்டு போனது போனதுதான். ஊசி உடைந்தால் உடைந்த துண்டையெல்லாம் தேடிப் பொறுக்கிக் கொடுத்தால்தான் அடுத்த ஊசி தருவார்கள். இவள் தரையில் குனிந்து ஊசித் துண்டு தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒருத்தியும் எழுந்து வரவில்லையாம். இத்தனை நாள் இவள் வேலையைச் செய்தவர்கள்தானே, அவர்களையும் எப்படிக் குறை சொல்வது. ஒரு மாதம்கூட அவளால் அங்கே தாக்குப்பிடிக்க முடியவில்லை.

அதனால் அந்த அண்ணனிடம் போகும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணைத் தினமும் அரை மணி நேரமாவது என் பக்கத்தில் மெஷினில் உட்கார வையுங்கள், நான் சொல்லிக் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். நண்பரின் மகள் மேல் உண்மையான அக்கறை இருக்கிற மனிதருக்கு இது காதில் ஏறும்.

லைன் ஓடும்போது போகாதீர்கள், எல்லார் முன்னாலும் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில், அந்த மூன்று பேரில் இன்னொருவரை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள், பத்துப் பேர் போய் நின்றால் அவர் கலாட்டா என்று நினைப்பார். "அண்ணே, அவ நாலு மணிக்குப் போறது எங்களுக்குப் பிரச்சினை இல்லை. அவ போன பிறகு அந்த டேபிளுக்கு யாருன்னு சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் போதும், மிச்சம் பேச்சில் வந்துவிடும். முதல் நாளே அந்தப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள், உன் பர்மிஷனைப் பிடுங்கப் போகவில்லை என்று. வேறு யார் வாயிலாவது கேட்டால் வேறு மாதிரி கேட்பாள்.

அவர் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம், அதற்குத் தயாராக இருங்கள். ஒரு மாதம் பார்த்தும் எதுவும் மாறவில்லை என்றால் கம்பெனியின் குறைதீர்க் குழுவுக்கு எழுதிக் கொடுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் அப்படி ஒரு குழு இருக்க வேண்டும், அதில் பெண்களும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கேயும் அந்தப் பெண்ணின் பெயர் வேண்டாம், உங்கள் மூன்று பேருடைய கூடுதல் நேரமும் அதற்கு வர வேண்டிய காசும் மட்டும் எழுதுங்கள். அதற்கு இன்றிலிருந்தே ஒரு நோட்டில் தேதியும், எத்தனை மணி வரை உட்கார்ந்தீர்கள், எந்த வேனில் ஏறினீர்கள் என்பதும் குறித்துக்கொண்டு வாருங்கள், மற்ற இரண்டு பேரையும் தனித்தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள்.