கொலை செய்யாதே: போர், ஆயுதம், மனச்சான்று - வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ‘கொலை செய்யாதே’ என்ற ஐந்தாம் கட்டளை பற்றி வந்த கட்டுரையை ஒட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் எட்டுக்கு இங்கே பதில்.

கேள்வி (தூத்துக்குடி வாசகி): என் மகன் இராணுவத்தில் எல்லைப் பணியில் இருக்கிறான். அவன் துப்பாக்கி ஏந்துவதே பாவமா? சண்டையில் யாரையாவது சுட நேர்ந்தால் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமா?

துப்பாக்கி ஏந்துவது பாவமில்லை, அம்மா. நாட்டின் பாதுகாப்புக்காகப் படையில் இருப்பவர்கள் தங்கள் கடமையை நேர்மையாகச் செய்தால் பொதுநலனுக்கும் அமைதிக்கும் துணைசெய்கிறார்கள் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2310) சொல்கிறது. இந்தச் சிந்தனைக்கு வேர், 13-ம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தந்த விளக்கம். ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம்: ஒன்று என் உயிர் பிழைப்பது, மற்றொன்று தாக்க வந்தவர் இறப்பது. நான் நாடுவது முதலாவதை மட்டும் என்றால், தேவைக்கு மேல் வன்முறையைப் பயன்படுத்தவும் இல்லை என்றால், அது கொலைக் குற்றமாகாது. ‘தேவைக்கு மேல்’ என்ற இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். சரணடைந்தவரைச் சுடுவது, காயப்பட்டு விழுந்தவரை அடிப்பது, கைதியைச் சித்திரவதை செய்வது ஆகியவற்றுக்கு எந்த மேலதிகாரியின் ஆணையும் மன்னிப்புத் தராது. கண்மூடித்தனமான கீழ்ப்படிதல் சாக்காகாது என்று எண் 2313 வெளிப்படையாகவே சொல்கிறது.

முறையான கடமையில் நடந்த சண்டை தன்னிலே பாவமில்லை. ஆனால் அந்த நேரத்து வெறுப்பு, பழிவாங்கும் எண்ணம், அளவுமீறல் மனதை அரித்தால் தயங்காமல் குருவிடம் போகச் சொல்லுங்கள். பழைய திருச்சபை இதில் எவ்வளவு கவனமாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1066-ல் இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மன் வீரர்களுக்கு, திருத்தந்தையின் தூதர் எர்மன்ஃப்ரிட் தலைமையில் ஆயர்கள் தவமுறை வகுத்தார்கள். கொன்றது உறுதி என்றால் ஆள் ஒன்றுக்கு ஓர் ஆண்டு தவம். அடித்தவர் இறந்தாரா என்று தெரியாவிட்டால் ஆள் ஒன்றுக்கு 40 நாள். யார்மேல் பாய்ந்தது என்றே அறியாமல் அம்பு எய்தவருக்கு மூன்று தவக்காலங்கள் (உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய 40 நாள் நோன்புக் காலம்). வென்ற தரப்பின் வீரர்களுக்கே இந்த விதி! போர் முடிந்து வருபவரின் உள்ளத்தில் காயம் இருக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கேள்வி (திருச்சி வாசகர்): ‘நீதியான போர்’ என்பதற்கு நிபந்தனைகள் என்னென்ன? ஒவ்வொரு நாடும் தன் போர்தான் நீதியானது என்கிறதே?

அப்படிச் சொல்ல முடியாமல் செய்வதற்காகத்தான் நிபந்தனைகளே. புனித அகுஸ்தினாரின் எழுத்துகளை அடியொற்றி அக்குவினாஸ் மூன்றைச் சொன்னார்: போரை அறிவிப்பது முறையான ஆட்சியாளராக இருக்க வேண்டும், காரணம் நியாயமாக இருக்க வேண்டும், உள்நோக்கம் நேர்மையாக இருக்க வேண்டும். 1992-ல் வெளியான மறைக்கல்வி நூல் (எண் 2309) தற்காப்புக்காக ஆயுதம் எடுப்பதற்கு நான்கு நிபந்தனைகளைத் தருகிறது. ஆக்கிரமிப்பாளர் விளைவிக்கும் சேதம் நீடித்ததாக, கடுமையானதாக, உறுதியானதாக இருக்க வேண்டும். அதைத் தடுக்க மற்ற எல்லா வழிகளும் பயனற்றுப் போயிருக்க வேண்டும். வெற்றிக்கு உண்மையான வாய்ப்பு இருக்க வேண்டும். ஒழிக்க நினைக்கும் தீமையைவிடப் பெரிய தீமையைப் போர் உண்டாக்கக் கூடாது. நான்கும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். மூன்று பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்தப் போருக்கு ஒழுக்க நியாயம் கிடையாது.

நடைமுறையில் முதலில் கழன்று விழுவது ‘உறுதியான’ என்ற சொல். அவன் என்றாவது தாக்குவான் என்ற அச்சம், உறுதியான சேதம் ஆகாது. 2003-ல் ஈராக் மீது போர் மூளும் நிலை வந்தபோது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பிப்ரவரியில் கர்தினால் எச்சகரேயைப் பாக்தாத்துக்கும், மார்ச் 5 அன்று கர்தினால் லாகியை அமெரிக்க அதிபர் புஷ்ஷிடமும் அனுப்பிப் பார்த்தார். பலிக்கவில்லை, மார்ச் 20-ல் குண்டுகள் விழுந்தன. போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதக் கிடங்குகள் பிறகு அங்கே கண்டுபிடிக்கப்படவே இல்லை.

நான்காவது நிபந்தனையை எடைபோடும்போது இன்றைய ஆயுதங்களின் அழிவாற்றலைப் பெரிதாகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அந்த எண்ணிலேயே எழுதியிருக்கிறது. 2020-ல் வந்த ‘அனைவரும் உடன்பிறந்தோர்’ சுற்றுமடலில் (எண் 258) திருத்தந்தை பிரான்சிஸ் இன்னும் ஒரு படி மேலே போனார்: பழைய நூற்றாண்டுகளின் அளவுகோல்களை வைத்து இன்று ஒரு போரை நீதியானது என்று சொல்வது மிகவும் கடினம் என்றார். நாட்டின் தற்காப்பு உரிமையை அவர் மறுக்கவில்லை. ஆனால் அந்த உரிமையை எதற்கெல்லாமோ இழுத்து நீட்டுவதைக் கண்டித்தார். அவர் சொன்னதே சரி என்பது எங்கள் துணிபு. நகரங்களின்மேல் குண்டு விழும் காலத்தில் நான்காவது நிபந்தனையைத் தாண்டும் போர் அரிதினும் அரிது.

கேள்வி (மதுரை வாசகர்): இயேசுவே கோவிலில் சாட்டை எடுத்தாரே?

யோவான் நற்செய்தியின் 2-ம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படியுங்கள். ஆடு மாடுகளோடு எல்லாரையும் வெளியே துரத்துகிறார், நாணயங்களைக் கொட்டுகிறார், புறா விற்றவர்களிடம் எடுத்துப் போகச் சொல்கிறார். யாரும் காயப்பட்டதாக ஒரு சொல் இல்லை. வாள் உண்மையிலேயே உருவப்பட்டது இயேசு கைதான கெத்சமனித் தோட்டத்தில். அங்கே சீடர் பேதுருவிடம் அதை உறையில் போடச் சொன்னார்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): ஆளும் அரசே மக்களை ஒடுக்கினால் ஆயுதம் தூக்குவதைத் திருச்சபை முற்றாக மறுக்கிறதா?

முற்றாக மறுக்கவில்லை, ஆனால் வாசல் மிகக் குறுகியது. மறைக்கல்வி நூலின் எண் 2243 ஐந்து நிபந்தனைகளைச் சொல்கிறது: அடிப்படை உரிமைகள் உறுதியாகவும் கடுமையாகவும் நெடுங்காலமாகவும் மீறப்பட்டிருக்க வேண்டும், மற்ற எல்லா வழிகளும் முயன்று பார்க்கப்பட்டிருக்க வேண்டும், எழுச்சியால் இதைவிட மோசமான சீர்குலைவு வரக்கூடாது, வெற்றிக்கு நியாயமான நம்பிக்கை இருக்க வேண்டும், வேறு நல்ல தீர்வு எதுவும் கண்ணுக்கு எட்டாமல் இருக்க வேண்டும். திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-ல் எழுதிய மக்களின் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலிலும் (எண் 31) இந்த விதிவிலக்கைக் குறிப்பிட்டுவிட்டு, ஆயுத எழுச்சி புதிய அநீதிகளைப் பெற்றெடுக்கும் என்று எச்சரிக்கிறார்.

ஐந்தும் பொருந்திவிட்டன என்றே வைத்துக்கொண்டாலும், போராடுகிறவர் எதையும் செய்யலாம் என்றாகிவிடாது. பிள்ளைகளைப் படைக்குப் பிடிப்பது, பொதுமக்கள் நிற்கும் இடத்தில் குண்டு வைப்பது, மக்களைக் கேடயமாக நிறுத்துவது ஆகியவை அரசுப் படைக்கு எப்படிக் குற்றமோ எதிர்த்துப் போராடுபவருக்கும் அப்படியே குற்றம்.

ஆயுதம் இல்லாத வழியைத் திருச்சபை வெறும் உபதேசமாக விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1986 பிப்ரவரி 7-ல் பிலிப்பைன்ஸில் அதிபர் மார்க்கோஸ் நடத்திய தேர்தலில் மோசடி நடந்தது. ஒரு வாரத்துக்குள் அந்நாட்டு ஆயர்கள் கூடி, மோசடியால் பிடித்த ஆட்சிக்கு ஒழுக்க அடிப்படை இல்லை என்று அறிக்கை விட்டு, வன்முறையற்ற போராட்டத்துக்கு அழைத்தார்கள். 22-ம் தேதி படையின் ஒரு பிரிவு மார்க்கோஸை எதிர்த்துத் திரும்பியது. மணிலா பேராயர் கர்தினால் சின், ரேடியோ வெரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலி வழியாக மக்களைத் தெருவுக்கு வரச் சொன்னார். செபமாலையோடும் உணவுப் பொட்டலங்களோடும் வந்த கூட்டம் டாங்கிகளுக்கு முன்னால் அமர்ந்தது. 25-ம் தேதி மார்க்கோஸ் நாட்டைவிட்டு வெளியேறினார். எல்லா நாட்டிலும் இது இப்படி முடியும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் ‘எல்லா வழிகளும்’ என்ற நிபந்தனையில் இந்த வழியும் அடங்கும்.

கேள்வி (நாகர்கோவில் கல்லூரி மாணவி): அரசு கட்டாயமாகப் படைக்கு அழைத்தால், மனச்சான்றின்படி மறுக்கலாமா?

மறுக்கலாம். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏடு (எண் 79) அப்படி மறுப்பவர்களுக்குச் சட்டம் மனிதநேயத்தோடு இடம்தர வேண்டும் என்றும், அவர்கள் வேறு வகையில் சமூகத்துக்குப் பணிசெய்ய வேண்டும் என்றும் சொல்கிறது.

ஆனால் அந்தச் சொற்கள் எழுதப்படுவதற்கு முன்பே ஒருவர் அவற்றின்படி வாழ்ந்து இறந்துவிட்டார். ஆஸ்திரியாவின் சாங்க்ட் ராடெகுண்ட் ஊர் விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். 1938-ல் ஜெர்மனியோடு இணைவதற்கு நடந்த வாக்கெடுப்பில் அந்த ஊரில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. மனைவி, மூன்று சிறுபெண்கள். 1943 பிப்ரவரியில் படைக்கு அழைப்பு வந்து, மார்ச்சில் முகாமுக்குப் போனபோது ஹிட்லருக்காகப் போரிட மாட்டேன் என்றார். மருத்துவப் பணியாளராக வேலைசெய்யத் தயார் என்றும் சொன்னார். அதை ஏற்கவில்லை. குடும்பத்தை நினைத்துப் பார்க்கும்படி அவருடைய ஆயரே அறிவுரை கூறியிருந்தார். 1943 ஆகஸ்ட் 9 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. போர் முடிந்த பிறகும் ஊரார் பலர் அவரைக் குடும்பத்தைக் கைவிட்டவராகவே பார்த்தார்கள். வத்திக்கான் சங்கத்தில் அவருடைய முன்மாதிரியை எடுத்துக்காட்டியவர் முன்னாள் பம்பாய்ப் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ். 2007 அக்டோபர் 26-ல் லின்ஸ் பேராலயத்தில் திருச்சபை யேகர்ஷ்டேட்டரை அருளாளராக (புனிதர் நிலைக்கு முந்தைய படி) உயர்த்தியபோது, அவருடைய மனைவி தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில் அங்கே இருந்தார்.

ஆயர் தவறான அறிவுரை சொல்லியிருக்கிறார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. படிப்பறிவு குறைந்த ஒரு விவசாயி நிபந்தனைகளை ஒன்றொன்றாக எடைபோட்டுச் சரியான முடிவுக்கு வந்தார். கற்றவர்கள் பலர் வரவில்லை.

கேள்வி (சென்னை வாசகர்): அணுகுண்டை வைத்திருப்பது எதிரியைத் தடுக்கத்தானே? பயன்படுத்தாவிட்டால் சரிதானே?

1982-ல் இரண்டாம் யோவான் பவுல், ஆயுதக் குறைப்புக்கு ஒரு படியாக மட்டும் அதைத் தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்ளலாம் என்றார். அந்தப் படி ஏறப்படவே இல்லை. எனவே 2019 நவம்பர் 24 அன்று ஹிரோஷிமாவில் திருத்தந்தை பிரான்சிஸ், அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவதைப் போலவே வைத்திருப்பதும் ஒழுக்கக்கேடு என்றார். இந்தியரான நமக்கும் இது பொருந்தும். வசதியாகத் தாண்டிப் போக வேண்டாம்.

கேள்வி (பாண்டிச்சேரி வாசகர்): வத்திக்கான் சமரசம் பேசி எந்தப் போராவது நின்றிருக்கிறதா?

நின்றிருக்கிறது. தென்னமெரிக்காவின் தெற்கு முனையில் பீகிள் கால்வாய் அருகே பிக்டன், லெனாக்ஸ், நுவேவா என்று மூன்று தீவுகள் உண்டு. அவை யாருடையவை என்று அர்ஜென்டினாவுக்கும் சிலேக்கும் வழக்கு. 1977-ல் வந்த நடுவர் தீர்ப்பு சிலேக்கு ஆதரவாக இருந்தது. 1978 ஜனவரியில் அர்ஜென்டினா அதை ஏற்க மறுத்தது. இரண்டு நாடுகளிலும் இராணுவ ஆட்சி, இரண்டிலும் கத்தோலிக்கரே பெரும்பான்மை. அந்த ஆண்டு டிசம்பர் 22-ம் தேதி அர்ஜென்டினாப் படை இறங்க வேண்டியது. பொறுப்பேற்று இரண்டு மாதமே ஆன இரண்டாம் யோவான் பவுல் தூதர் அனுப்புவதாக அறிவிக்க, படையெடுப்பு நின்றது. கர்தினால் அந்தோனியோ சமோரே இரு தலைநகரங்களுக்கும் மாறி மாறிப் பறந்தார்.

1979 ஜனவரி 8-ல் மான்டிவிடியோவில் கையெழுத்தானது தீவுகளைப் பற்றிய உடன்பாடு அன்று. திருத்தந்தையை நடுவராக ஏற்பது, பலத்தைப் பயன்படுத்தாதிருப்பது, படைகளை 1977 தொடக்க நிலைக்குத் திருப்புவது என்ற மூன்று மட்டுமே அதில் இருந்தன. முதலில் துப்பாக்கியை இறக்குவது, பிறகு வழக்கைப் பேசுவது என்ற வரிசை அது. பல பேச்சுவார்த்தைகள் முறிவது இந்த வரிசை மாறுவதால்தான். 1980 டிசம்பர் 12-ல் திருத்தந்தை முன்மொழிவு தந்தார்: தீவுகள் சிலேக்கு, சுற்றியுள்ள கடலில் பெரும்பகுதி இருவருக்கும் பொது. சிலே ஏற்றது, அர்ஜென்டினா பதில் சொல்லவில்லை. 1983 பிப்ரவரியில் சமோரே காலமானார். ஆனாலும் பேச்சு அறுந்துவிடவில்லை. அர்ஜென்டினாவில் மக்களாட்சி திரும்பிய பின் 1984 நவம்பர் 25-ல் நடந்த வாக்கெடுப்பில் ஐந்தில் நால்வர் உடன்பாட்டை ஆதரித்தார்கள். நான்கு நாள் கழித்து வத்திக்கானில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தக் கர்தினாலின் பெயரை இன்றும் இரு நாடுகளையும் இணைக்கும் ஆண்டிஸ் மலைக் கணவாய் ஒன்று தாங்கி நிற்கிறது.

கேள்வி (மன்னார் வாசகி): மன்னித்துவிடுங்கள் என்று மறையுரையில் சொல்கிறார்கள். அப்படியென்றால் நீதி கேட்பது தவறா?

தவறில்லை, சகோதரி. இரண்டாம் யோவான் பவுல் 2002 உலக அமைதி நாள் செய்தியில், நீதியின்றி அமைதியில்லை, மன்னிப்பின்றி நீதியில்லை என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார். அவர் வாழ்க்கையிலும் அதைக் காணலாம். 1981 மே 13-ல் தம்மைச் சுட்ட அலி அக்ஜாவை நான்கே நாளில் மன்னித்துவிட்டதாகச் சொன்னார். 1983 டிசம்பர் 27-ல் சிறைக்கே போய் அவரோடு அமர்ந்து பேசினார். வழக்கும் தண்டனையும் அவற்றின் போக்கில் நடந்தன. அக்ஜா 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். மன்னிப்பு என்பது வெறுப்பை விடுவது. உண்மையை விட்டுக்கொடுக்க அது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. சாட்சி சொல்வதையும் மனு கொடுப்பதையும் பாவம் என்று யாராவது சொன்னால் அது திருச்சபையின் போதனை அன்று.

இதற்கு உங்கள் மறைமாவட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசப், போர் முடிந்தபின் இலங்கை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் இரண்டு எண்களை வைத்தார்: 2008 அக்டோபர் தொடக்கத்தில் அரச செயலகக் கணக்குப்படி இறுதிப்போர் நடந்த வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர்; 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679. அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. அவர்களுக்கு என்ன ஆனது என்று தெளிவுபடுத்துங்கள் என்று கேட்டார். 2021 ஏப்ரல் 1 அன்று அவர் இறந்தபோது, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது.