வைரஸால் மாற்றிக்கொள்ள முடியாத இடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஃபுளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள். கொரோனாவும் ஆல்ஃபா, டெல்டா, ஒமைக்ரான் என்று உருமாறிக்கொண்டே வந்தது. இப்படி ஓயாமல் மாறும் வைரஸின் புரதப் பரிணாமத்தைப் படித்தே மருந்துக்கான இலக்கைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று வாசித்தேன். மாறிக்கொண்டேயிருப்பதில் குறி வைப்பது எப்படி? (கல்லூரி மாணவி, கும்பகோணம்)

பதில்: வைரஸ் மாறுகிறது என்பது உண்மை. ஆனால் அதன் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் மாறுவதில்லை. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. வெவ்வேறு ஆண்டுகளில், பறவையிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் மனிதரிடமிருந்தும் எடுத்த வைரஸ்களின் ஒரே புரதத்தை ஓர் அமினோ அமிலத்துக்கு ஓர் எழுத்தாக, ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்தி எழுதிப் பார்த்தால், சில இடங்களில் வரிக்கு வரி எழுத்து மாறும். சில இடங்களில் மேலிருந்து கீழ்வரை ஒரே எழுத்து நிற்கும். அந்த இடங்களில் பிழையே நேரவில்லை என்று பொருளல்ல. பிழை நேர்ந்த வைரஸ்கள் பிழைக்கவில்லை, அதனால் அவை நம் கைக்கு வந்து சேரவுமில்லை. எந்த ஆய்வுக்கூடமும் செய்து முடிக்க இயலாத அத்தனை சோதனைகளையும் பரிணாமம் முன்பே செய்துவிட்டது என்பதால்தான் இந்த வரிசைகள் ஆய்வாளர்களுக்கு இவ்வளவு மதிப்புடையவையாக இருக்கின்றன.

நீங்கள் குறிப்பிட்ட ஃபுளூவே இதற்குச் சிறந்த சான்று. செல்லுக்குள் பெருகி வெளிவரும் புதிய வைரஸ்கள், செல்லின் மேற்பரப்பில் உள்ள சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரைப் பொருளில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அந்தப் பிணைப்பை வெட்டி விடுவிப்பது நியூராமினிடேஸ் என்னும் நொதி. 1983இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் கோல்மன், வர்கீஸ், லேவர் ஆகியோர் இதன் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டபோது ஒரு செய்தி தெளிவானது. நம் எதிர்ப்புப் புரதங்கள் வந்து பற்றும் வெளிப்பரப்பு வகைக்கு வகை மாறியிருந்தது. வெட்டும் வேலை நடக்கும் குழியின் சுவரோ எல்லா வகைகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அந்தக் குழியில் பொருந்துமாறு உருவாக்கப்பட்ட ஸனாமிவிர் என்னும் மருந்து, 1999இல் பயன்பாட்டுக்கு வந்தது.

கேள்வி: அப்படியானால், மாறாத இடம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் போதுமா? அதே போன்ற புரதம் நம் உடலிலும் இருந்தால் மருந்து நம்மையும் தாக்காதா? (ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: போதாது, ஐயா. நீங்கள் கேட்டிருப்பதுதான் இத்துறையின் மையக் கேள்வி. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எச்.ஐ.வி. தன் புரதங்களில் பலவற்றைத் தனித்தனியாகச் செய்வதில்லை. நீளமான சங்கிலியாகச் செய்துகொண்டு, பிறகு புரோட்டியேஸ் என்னும் நொதியால் துண்டுபோடுகிறது. 1980களின் நடுவில் அந்த நொதியின் வரிசையைப் பிற புரதங்களோடு ஒப்பிட்டவர்கள், அஸ்பார்டிக் அமிலம், திரியோனின், கிளைசின் என்ற மூன்றெழுத்து அடையாளத்தை அதில் கண்டார்கள். நம் இரைப்பையில் உணவைச் செரிக்கும் பெப்சினுக்கும், இரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய ரெனினுக்கும் உரிய குடும்ப அடையாளம் அது. ஆனால் பெப்சினில் அந்த அடையாளம் இருமுறை வருகிறது, எச்.ஐ.வி. நொதியில் ஒருமுறைதான். 99 அமினோ அமிலங்களே கொண்ட பாதி நொதி எப்படி வேலை செய்யும்? இரண்டு பாதிகள் சேர்ந்தே முழு நொதி ஆகின்றன என்று 1987இல் பேர்ல், டெய்லர் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் கணித்தார்கள். 1989இல் படிகத்தின் வழியே வடிவம் தெரிந்தபோது அது சரியென்று உறுதியானது. இடையில் 1988இல், அந்த அஸ்பார்டிக் அமிலத்தை மட்டும் மாற்றினால் வைரஸ் தொற்றும் ஆற்றலை இழக்கிறது என்பதும் சோதனையில் நிறுவப்பட்டது. வரிசைகளை அடுக்கி வைத்து, உறவுமுறையை மட்டும் கொண்டு, கண்ணால் காணாத ஒரு வடிவத்தைச் சொன்ன அந்தக் கணிப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்த உறவால் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. ரெனினைத் தடுக்கும் பொருள்களைப் பற்றி முன்பே சேர்ந்திருந்த அறிவு அப்படியே கைகொடுத்தது நன்மை. நீங்கள் அஞ்சுவதைப் போல, அதே மருந்து நம் நொதிகளையும் முடக்கிவிடக்கூடும் என்பது ஆபத்து. ஆய்வாளர்கள் வேறுபாட்டைத் தேடினார்கள். எச்.ஐ.வி. நொதி, புரோலின் என்னும் அமினோ அமிலத்துக்கு முன்னால் உள்ள பிணைப்பை வெட்டுகிறது. பாலூட்டிகளின் நொதிகளிடம் இந்தப் பழக்கம் காணப்படவில்லை. அந்த வெட்டுமிடத்தின் சாயலில் உருவாக்கிய சக்வினாவிர் என்னும் மருந்து, 1995 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

கொரோனாவின் முதன்மைப் புரோட்டியேஸ் இன்னும் பொருத்தமான இலக்கு. அது குளூட்டமின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பின்னால் வெட்டுகிறது. அத்தகைய விருப்பம் கொண்ட மனித நொதி எதுவும் அறியப்படவில்லை. அதோடு, வைரஸின் நீண்ட சங்கிலியில் 11 இடங்களை அது வெட்டியாக வேண்டும். நொதி தன் விருப்பத்தை மாற்றிக்கொண்டால் அந்த 11 இடங்களும் கூடவே மாற வேண்டியிருக்கும் என்பதால், அதற்கு அசைய அதிக இடமில்லை. 2003இல் பரவிய சார்ஸ் வைரஸின் நொதியும் 2019இல் வந்த வைரஸின் நொதியும் 96 விழுக்காடு ஒத்திருப்பது அதனால்தான். சார்ஸ் ஓய்ந்தபின் கிடப்பில் போடப்பட்ட ஒரு மருந்துப் பொருளை ஃபைசர் நிறுவனம் 2020இல் மீண்டும் எடுத்து, விழுங்கும் மாத்திரைக்கு ஏற்றதாக மாற்றியமைத்து, நிர்மாட்ரெல்விர் என்னும் மருந்தை உருவாக்கியது. 2021 டிசம்பரில் அதற்கு அமெரிக்காவில் அவசர அனுமதி கிடைத்தது. வைரஸ் செல்லைப் பற்ற உதவும் முள் புரதத்தில் ஒமைக்ரானுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தபோது, இந்த நொதியில் பரவலாகக் காணப்பட்டது ஒரே ஒரு மாற்றந்தான். அது மருந்தின் வேலையைக் கெடுக்கவில்லை.

கேள்வி: மாறாத இடத்தையே தாக்கினாலும், ஃபுளூ மாத்திரையான ஒசெல்டமிவிருக்கு வைரஸ் பணியாமல் போனதே, ஏன்? (மருந்துக்கடை நடத்துபவர், ஈரோடு)

பதில்: மருந்து, நொதி இயல்பாகப் பற்றும் சியாலிக் அமிலத்தைவிடச் சற்று வேறுபட்ட வடிவம் உடையதாக இருந்ததே காரணம். ஒசெல்டமிவிர் நியூராமினிடேஸின் குழிக்குள் அமர வேண்டுமென்றால், அங்குள்ள ஓர் அமினோ அமிலம் திரும்பி இடம்விட வேண்டும். அதன் பக்கத்தில், 275ஆம் இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதிலாக டைரோசின் வந்தால் அந்தத் திருப்பம் தடைபடுகிறது. சியாலிக் அமிலத்துக்கோ அந்தத் திருப்பம் தேவையில்லை. இந்த மாற்றம் வைரஸையே பலவீனப்படுத்தும், ஆகவே பரவாது என்று நம்பப்பட்டது. ஆனால் 2007–08 குளிர்காலம் தொடங்கி, அத்தகைய எச்1என்1 வகை ஃபுளூ வைரஸ் வேகமாகப் பரவியது. நொதியில் முன்னதாகவே நேர்ந்திருந்த வேறு மாற்றங்கள் அந்தப் பலவீனத்தை ஈடுகட்டியிருந்தன என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. இயற்கைப் பொருளின் வடிவத்தோடு அதிகம் ஒத்த ஸனாமிவிரோ அந்த வைரஸிடம் தொடர்ந்து பலன் தந்தது. மருந்து மூலக்கூறு, நொதி இயல்பாக வெட்டும் பொருளின் எல்லையைத் தாண்டி எங்கும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று இப்போது வடிவமைப்பாளர்கள் கவனிப்பது இத்தகைய அனுபவங்களால்தான். நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் வைரஸ் தனக்கு நட்டமில்லாமல் மாறிக்கொள்ள முடியும்.

கேள்வி: வைரஸை விட்டுவிட்டு மனிதப் புரதத்தையே இலக்காக்க முடியாதா? (வாசகி, சேலம்)

பதில்: முடியும், அங்கும் பரிணாமமே வழிகாட்டியது. எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையப் பயன்படும் சி.சி.ஆர்.5 என்னும் புரதத்தின் மரபணுவில் 32 டி.என்.ஏ. எழுத்துகள் குறைந்த வடிவம் ஐரோப்பிய வம்சாவளியினர் சிலரிடம் உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்கள் பெரும்பாலும் தொற்றுக்கு ஆளாவதில்லை என்று 1996இல் தெரியவந்தது. அந்தப் புரதம் இல்லாமலும் மனிதர் வாழ முடியும் என்பதற்கு அவர்களே சான்று. அதை மறிக்கும் மரவிராக் என்னும் மருந்து 2007இல் வந்தது. எனினும் சில எச்.ஐ.வி. வகைகள் சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற வேறொரு புரதத்தின் வழியே நுழைகின்றன. ஆகவே நோயாளியின் உடலிலுள்ள வைரஸ் எந்த வழியைப் பயன்படுத்துகிறது என்று பரிசோதித்த பிறகே மருத்துவர்கள் இந்த மருந்தை எழுதித் தருகிறார்கள்.