தை பிறக்கும்வரை காத்திருக்க முடியாது

கேள்வி: என் மகள் சென்னையில் ஐ.டி. நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். செப்டம்பரில் ஒரு மாத வேலையாக, புனேயில் இருக்கும் வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த மேலாளர், "தனியாகச் சாப்பிட வந்தால் நல்ல ரிப்போர்ட் போகும்" என்று சொல்லியிருக்கிறார். மறுத்ததும், வேலை சரியில்லை என்று எழுதிவிட்டார். அவள் திரும்பி வந்த பிறகும் ஆபாச மெசேஜ்கள். கடைசி மெசேஜ் தீபாவளியன்று, அக்டோபர் 20-ல் வந்தது. எச்.ஆரிடம் பேசினால், "நடந்தது புனேயில், அந்த ஆளும் நம் ஊழியர் இல்லை" என்கிறார்கள். புனேயில் கேட்டால், "நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை" என்கிறார்கள். தை மாதம் பெண் பார்க்க வருகிறார்கள், அதுவரை பொறுத்திரு என்று அவளிடம் சொல்லியிருக்கிறோம். எந்த ஊரில் புகார் கொடுப்பது? அப்பா என்ற முறையில் நானே கொடுக்கலாமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: ஐயா, ஊரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் எழுதிய இன்னொரு வரிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. தை வரைக்கும் பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ன் 9-வது பிரிவுப்படி, கடைசிச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அந்தக் கெடு ஜனவரி 20. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த வழி தை பிறந்த ஒரு வாரத்துக்குள் அடைபட்டுவிடும்.

எச்.ஆரிடம் சொன்னோமே என்பீர்கள். வாயால் சொன்னது புகார் ஆகாது. எச்.ஆர். வேறு, உள்ளகப் புகார்க் குழு வேறு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், ஒவ்வொரு அலுவலகத்திலும் அந்தக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் உறுப்பினராக இருக்க வேண்டும். புகாரை விசாரிப்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியது அந்தக் குழு. எச்.ஆர். அறையில் உட்கார்ந்து யாரோ ஒருவர் சொன்ன பதிலோடு நீங்கள் எழுந்து வந்திருக்கக் கூடாது.

தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை அவகாசம் தரலாம், உண்மைதான். ஆனால் புகார் கொடுக்க முடியாமல் தடுத்தது எது என்று குழு கேட்கும். "வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், அப்பா பொறுக்கச் சொன்னார்" என்று உங்கள் மகள் எழுதித் தர வேண்டுமா? காலம் கடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்த கொல்கத்தா சட்டப் பல்கலைக்கழக வழக்கு ஒன்று இருக்கிறது. கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரலில் நடந்தது, புகார் டிசம்பரில் போனது. காலம் கடந்துவிட்டது என்று புகார்க் குழு நிராகரித்ததை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அந்தப் பெண் படித்தவர், பேராசிரியர்.

வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயப்படுகிறீர்கள். இதே பயத்தோடு எனக்கு வராத கடிதமே இல்லை. புகார் கொடுத்தாள் என்பதற்காக ஒரு பெண்ணை வேண்டாம் என்கிற வீட்டில், நாளைக்கு வேறு ஒன்று நடந்தால் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? இப்போது அப்பாவிடம் வந்து சொல்லியிருக்கிறாள். அதற்கு நீங்கள் செய்த கைம்மாறு வாயை மூடு என்பதா? சம்பந்தம் பேசுவது அப்பாவின் கடமை என்றால், மகள் பின்னால் நிற்பது அதற்கு முந்திய கடமை. அவள் அம்மாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, ஊர் விஷயம். சென்னை அலுவலகத்தின் குழுவிடமே கொடுக்கலாம். வேலை நிமித்தமாக ஊழியர் போகிற எந்த இடமும் பணியிடம்தான் என்று சட்டத்தின் 2-வது பிரிவே சொல்கிறது. அதனால் புனே என்ற சாக்கு நிற்காது. அந்த ஆள் வேறு நிறுவனம் என்பதற்கும் பதில் வந்துவிட்டது. பாதிக்கப்பட்ட பெண் வேலை பார்க்கும் இடத்துக் குழுவே வேறு இடத்து ஊழியர்மீது வந்த புகாரையும் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. குற்றம்சாட்டப்பட்டவரின் அலுவலகம் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். போலீசுக்குப் போக அவள் விரும்பினால் அதற்கும் ஊர் எல்லை கிடையாது. எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர்., அதாவது எல்லை பார்க்காமல் பதிவு செய்யும் முதல் தகவல் அறிக்கை, போடலாம்.

அந்த மோசமான ரிப்போர்ட்டையும் புகாரில் எழுதச் சொல்லுங்கள். இணங்கினால் சலுகை, மறுத்தால் பாதகம் என்பதைச் சட்டத்தின் 3-வது பிரிவு தனியாகவே குறிப்பிடுகிறது. 1997-ல் விசாகா வழக்கில், இத்தகைய துன்புறுத்தல் பெண்ணின் சமத்துவ உரிமையைப் பறிப்பது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதன் தொடர்ச்சி இது. சம்பள உயர்வு நேரத்தில் அந்த ரிப்போர்ட் அவள் முன்னால் வந்து நிற்கும். இப்போதே எழுத்தில் மறுத்து வைக்க வேண்டும்.

நீங்களே கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். அவளால் முடியாத நிலை இருந்தால் மட்டும், அதுவும் அவள் எழுத்துப்பூர்வமாகச் சம்மதித்தால் கொடுக்கலாம். அவள் தெளிவாக இருக்கிறாள், வேலைக்கும் போய் வருகிறாள். கையெழுத்து அவளுடையதாகவே இருக்கட்டும். மெசேஜ்களை அழிக்க விடாதீர்கள், தேதியும் நேரமும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். புகாரோடு சாட்சிகளின் பெயர், முகவரி, ஆவணங்கள் எல்லாம் ஆறு நகல் வேண்டும். இந்த வாரமே சென்னைக்குப் போங்கள். அவள் உட்கார்ந்து எழுதட்டும், நீங்கள் நகல் எடுத்துக் கொடுங்கள். குழுவிடம் கொடுத்ததும், தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்காமல் அவள் அங்கிருந்து கிளம்பக் கூடாது.